பென் ஆல்டர்: திரும்பும் வழியைத் திட்டமிடாத ஒரு பயணம்

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் பகுதியிலுள்ள பென் ஆல்டர் மலைக்குப் போவதற்காக, 2018 செப்டம்பரில் மூன்று வார மாலைகளை வரைபடத்தின் முன் செலவிட்டேன். அந்த மாலைகளில் ஒன்றைக்கூட, மலையிலிருந்து வெளியே வரும் பாதைக்கு நான் ஒதுக்கவில்லை. அதன் விலையாக ஓர் இரவு முழுவதும் குளிரில் நடுங்கினேன், என் மனைவி காவல்துறைக்குத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்தது, 344 பவுண்டுகள் செலவாயின, ஒரு நாள் ஊதியம் போனது, ஒரு முழங்கால் ஆறு வாரங்களுக்குச் சரியாக மடங்கவில்லை. மலையேற்றம் பற்றிப் பலரிடம் பலமுறை பேசியிருந்தும், இவற்றைப் பற்றி யாரும் என்னை முன்கூட்டி எச்சரிக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 914 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளை மன்ரோ என்று அழைக்கிறார்கள். 1891இல் அவற்றை முதன்முதலில் பட்டியலிட்ட சர் ஹியூ மன்ரோவின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. இன்றைய கணக்கில் அவை 282. அவற்றுள் பல, சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மாலைக்குள் ஏறி இறங்கக் கூடியவை. 1,148 மீட்டர் உயரமுள்ள பென் ஆல்டர் அப்படிப்பட்டதன்று. அதன் அடிவாரத்துக்கு எந்தப் பொதுச்சாலையும் போவதில்லை. 1746இல் கலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், அரசுப் படைகளுக்குத் தப்பி இந்த மலையின் சரிவில்தான் ஒளிந்திருந்தார். ஒரு நாட்டின் படையே தேடியும் கண்டுபிடிக்க முடியாத இடம் என்பது எனக்கு ஈர்ப்பாகத் தோன்றியது. அப்படிப்பட்ட இடத்தில் எனக்கு ஏதாவது நேர்ந்தால் என்னையும் யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது என்ற மறுபக்கம் அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

என் திட்டம் தாளில் மிக அழகாக இருந்தது. சனிக்கிழமை காலை கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறி, முற்பகல் பதினொன்றரை மணிக்கு முன்பாகக் கொரௌர் நிலையத்தில் இறங்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டர் உயரத்தில், பொதுச்சாலையே இல்லாத ரன்னாக் சதுப்பு வெளியில் இருக்கும் இந்த நிலையம், பிரிட்டனின் முதன்மை ரயில்பாதைகளிலேயே மிக உயரமானது. அங்கிருந்து லாக் ஆசியன் ஏரிக்கரை வழியாகக் கிழக்கே நடந்து, உஷ்கே லாவர் என்னும் ஓடைப் பள்ளத்தாக்கில் ஏறி, பியலாக் டூ கணவாயை அடைந்து, பென் ஆல்டரின் உச்சிக்குப் போய்த் திரும்பி, கணவாய்க்கு மறுபுறம் இறங்கிக் குல்ரா என்ற இடத்திலுள்ள மலைக்குடிலில் இரவு தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து 15 கிலோமீட்டர் நடந்து டால்வின்னி ரயில் நிலையத்தை அடைந்து, பிற்பகல் வண்டியைப் பிடிக்க வேண்டும். மேற்கு ரயில்பாதையிலிருந்து கிழக்கு ரயில்பாதைக்கு, மலைத்தொடரின் நடுவே ஒரு கோடு இழுத்தது போன்ற பயணம் அது.

முதல் பிழை நேரக் கணக்கில் இருந்தது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு விதியைச் சொன்னார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அதன் சாரம். சனிக்கிழமைக்கு எனக்கு 27 கிலோமீட்டர் நடையும் 760 மீட்டர் ஏற்றமும் இருந்தன. கணக்குப் போட்டால் ஆறு மணி நாற்பது நிமிடம் வந்தது. பதினொன்றரைக்குப் புறப்பட்டால் ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் குல்ராவில் இருப்பேன், சூரியன் மறைவது ஏழு மணிக்கு, ஆகவே ஐம்பது நிமிடம் கையிருப்பு என்று தாளின் ஓரத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அந்த விதி, உடல்வலிமை உள்ள ஒருவர் அதிகச் சுமையில்லாமல், நல்ல தரையில், எங்கும் நிற்காமல் நடப்பதற்கானது. 15 கிலோ முதுகுப் பையுடன் சதுப்பு நிலத்தில் நடப்பவருக்கு அது பொருந்தாது. பாதையற்ற ஈர நிலத்துக்கு மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் என்று இப்போது கணக்கிடுகிறேன். வரும் மொத்தத்தோடு உணவுக்கும் வரைபடம் பார்ப்பதற்கும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் கூட்டுகிறேன். அப்படிக் கூட்டிய பிறகும் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் மிஞ்சாவிட்டால், அந்த நாளின் திட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன்.

ஏரிக்கரையின் முதல் ஏழு கிலோமீட்டர் வண்டித்தடமாதலால் நன்றாகவே போனது. ஏரியின் கிழக்கு முனையில், மான் வேட்டைப் பணியாளர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் போகிறேன் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். செப்டம்பரும் அக்டோபரும் கலைமான் வேட்டை உச்சத்தில் இருக்கும் மாதங்கள். அன்று அவருடைய குழு, நான் குறுக்குவழியாக ஏறத் திட்டமிட்டிருந்த சரிவில் இருந்தது. பள்ளத்தாக்கின் பாதையை விட்டு விலகாமல் கணவாய் வரை போகுமாறு கேட்டுக்கொண்டார். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் மலைகளில் நடக்கும் உரிமையைத் தருகிறது. வேட்டைக் காலத்தில் நியாயமான மாற்றுவழி சொல்லப்பட்டால் அதை ஏற்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. புறப்படுவதற்கு முன் எஸ்டேட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசியிருந்தால், என் வழியை வீட்டிலேயே மாற்றியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மான் வேட்டை வழக்கமாக நடப்பதில்லை என்பதால், உச்சிக்கு அந்த நாளை ஒதுக்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அவரிடம் பேசியதும், வரைபடத்தை விரித்துப் புதிய வழி குறித்ததுமாக நாற்பது நிமிடம் போயிற்று. என் ஐம்பது நிமிடக் கையிருப்பில் பத்து நிமிடம்தான் மீந்தது, நாளோ பாதிகூட முடியவில்லை.

உஷ்கே லாவர் பள்ளத்தாக்கின் எட்டு கிலோமீட்டர்தான் என்னை முறித்தது. வரைபடத்தில் ஒரு விட்டுவிட்ட கோடாகத் தெரிந்த பாதை, தரையில் சில இடங்களில் மட்டுமே இருந்தது. மற்ற இடங்களில் கரிய மக்கு மண்ணும், இடுப்பளவு ஆழமுள்ள வெட்டுப் பள்ளங்களும், காலை வைத்தால் அடியில் நீர் சுரக்கும் பாசிப் பரப்பும்தான். முந்தைய நான்கு நாட்களும் அங்கே மழை பெய்திருந்தது. மலைவானிலை தகவல் சேவையின் முன்னறிவிப்பை நான் பார்த்திருந்தேன், ஆனால் சனி, ஞாயிறு இரு நாட்களுக்கு மட்டுமே பார்த்தேன். ஒதுக்குப்புற மலைக்குப் போகிறவர் போகும் நாளின் வானிலையைப் பார்ப்பது போதாது. அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு மழை பெய்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கால் படும் மண்ணும் கடக்க வேண்டிய ஓடைகளும் அந்த வாரத்து மழையைத்தான் தாங்கி நிற்கின்றன. இரண்டு முறை தொடைவரை சேற்றில் இறங்கி, கையூன்றி வெளியே வந்தேன். கணவாயை அடைந்தபோது மணி நாலரை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த பிறகுதான், 1951 டிசம்பர் இறுதியில் இதே கொரௌரில் ரயிலிலிருந்து இறங்கி பென் ஆல்டர் குடிலை நோக்கிப் புறப்பட்ட ஐந்து பேரில் நால்வர் புயலில் சிக்கி இறந்தார்கள் என்று படித்தேன். ஐந்தாமவரான ஒரு பெண் மட்டுமே உயிர் தப்பினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போனது செப்டம்பரில், பனிப்புயல் இல்லாத நாளில். ஆனால் அந்த நிலையத்தில் இறங்கியதும் வண்டி போய்விடுகிறது, அடுத்த வண்டிக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், முன்னால் போவதே எளிது என்று மனம் சொல்கிறது. அந்த உந்துதலை நானும் உணர்ந்தேன். வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பிப் போவதை விட முன்னேறிப் போவது நெருக்கமானது போலத் தோன்றியது.

நாலரை மணிக்குக் கணவாயில் நின்றபோது நான் உச்சியை விட்டுவிட்டுக் குல்ராவை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். எந்த நேரத்துக்குள் எங்கே இல்லையென்றால் திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே எழுதி வைத்திருந்தால், அப்படித்தான் செய்திருப்பேன். அப்படி எதுவும் எழுதவில்லை. களைத்த மனிதன் களைத்த நேரத்தில் எடுக்கும் முடிவு, ஆசையின் பக்கமே சாயும். வேலையில் நான்கு மாதமாக விடுமுறை எடுக்கவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் 420 மீட்டர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். ஆறு மணிக்கு உச்சியிலுள்ள நில அளவைத் தூணைத் தொட்டபோது, மேகம் முழுவதுமாக மூடியிருந்தது. இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பினேன்.

பென் ஆல்டரின் மேற்பகுதி கூம்பாக இருப்பதில்லை. 1,000 மீட்டருக்கு மேலே கற்களும் பாசியும் பரந்த ஒரு பெரிய மேடை அது, அதன் கிழக்கு விளிம்பு செங்குத்தான பாறையாக இறங்குகிறது. மேகத்துக்குள் இப்படிப்பட்ட மேடையில் திசைகாட்டியைத் தவிர நம்பத்தக்க துணை கிடையாது. நான் வரைபடத்திலிருந்து கோணம் எடுத்து, ஊசியைப் பொருத்தி, அது காட்டிய வடக்கு நோக்கி நடந்தேன். பத்து நிமிடம் கழித்து ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏறும்போது தென்மேற்குக் காற்று என் வலக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. வடக்கே திரும்பி நடந்தால் அது இடப்பக்கத் தோளுக்குப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஆனால் காற்று இன்னும் வலக் கன்னத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. நின்றேன். காற்று மாறியிருக்குமோ, நான்தான் குழம்பிவிட்டேனோ என்று யோசித்தபோது வயிற்றில் ஏற்பட்ட வெறுமையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்தேன். மழையில் நனைந்த திரை விரலுக்கு இணங்கவில்லை, மின்கலத்தில் 9 சதவீதம் இருந்தது. முதுகுப் பையின் உறைக்குள் தலையை நுழைத்து, திரையைத் துடைத்து, நான் இருக்கும் புள்ளியைப் பார்த்தபோது, கணவாய்க்கு நேர் எதிர்த்திசையில், கிழக்குப் பாறை விளிம்பு இருக்கும் பக்கமாக நகர்ந்திருந்தேன்.

திசைகாட்டியின் ஊசி தலைகீழாகிவிட்டிருந்தது. கைப்பேசியை நான் காந்தப் பூட்டு வைத்த தோலுறையில் வைத்திருந்தேன், திசைகாட்டியும் அதே சட்டைப் பையில் வாரக்கணக்கில் கிடந்தது. பலமான காந்தத்தின் அருகில் நீண்ட நேரம் இருந்தால் ஊசியின் காந்தப் புலம் திரும்பிவிடும். அதன்பின் சிவப்பு முனை வடக்குக்குப் பதிலாகத் தெற்கைக் காட்டும். ஊசி தடுமாறாமல் உறுதியாகவே நிற்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து, பார்க்கிறவருக்குச் சந்தேகமே எழாது. இதைத் தவிர்க்க, திசைகாட்டியைக் கைப்பேசியும் காந்தக் கொக்கிகளும் இல்லாத வேறொரு பையில் வைக்க வேண்டும். புறப்படும் காலையில், சூரியனையோ திசை தெரிந்த ஒரு சாலையையோ கொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவது பழக்கம் எனக்குத் தற்செயலாக இருந்தது, அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். கைப்பேசியில் இடங்காட்டி இருந்தாலும், நனையாத உறையிலிட்ட காகித வரைபடமும் தனி மின்கலமும் இல்லாமல் இத்தகைய இடத்துக்குப் போகக் கூடாது. பென் ஆல்டர், பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லாண்ட்ரேஞ்சர் வரிசையில் 42ஆம் தாளில் இருக்கிறது.

ஊசி காட்டிய திசைக்கு எதிராக நடந்து, கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு நாற்பது, முழு இருட்டு. தலை விளக்கை அணிந்துகொண்டு கிழக்கே இறங்கினேன். இங்கிருந்து பாதை ஓரளவு தெளிவாக இருந்ததால், கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து, வடக்குச் சரிவிலிருந்து இறங்கும் ஒரு துணை ஓடை குறுக்கிட்டது. வரைபடத்தில் அது மெல்லிய நீலக் கோடு. என் திட்டத் தாளில் அது இடம்பெறவே இல்லை. அந்த நேரத்தில் அது பாறைகளை உருட்டிக்கொண்டு, வெண்நுரையுடன், விளக்கின் ஒளிக்கு அப்பாலும் நீண்டு ஓடியது. மறுகரையில் இன்னும் மூன்று கிலோமீட்டரில் குல்ரா குடில் இருக்கிறது, அங்கே கூரை இருக்கிறது என்ற எண்ணம் மட்டுமே என் தலையில் இருந்தது.

இறங்கினேன். இடுப்புப் பட்டையை அவிழ்க்கவில்லை. மூன்றாவது அடியில் நீர் முழங்காலைத் தாண்டியது, நான்காவது அடியில் ஒரு கல் புரண்டது. விழுந்தேன். மூன்று மீட்டர் தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, நான் புறப்பட்ட கரையிலேயே ஒரு பாறையில் மோதி நின்றேன். முழங்கால் அப்போதுதான் முறுக்கிக்கொண்டது. நடைக்கோல் ஒன்று போய்விட்டது, கைப்பேசி நீரில் மூழ்கி இறந்துவிட்டது. கரையில் கைகளால் தவழ்ந்து ஏறிய பிறகு நான் சத்தமாக அழுதேன். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பயத்தை விட, இதை நானே எனக்குச் செய்துகொண்டேன் என்ற எண்ணம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

ஓடைகளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒதுக்குப்புற மலைகளில் உச்சியை விட ஓடையே பல பயணங்களின் போக்கைத் தீர்மானிக்கிறது. வழியைத் திட்டமிடும்போது, நீலக் கோடு ஒவ்வொன்றும் நடைவழியை வெட்டும் இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும், பாலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மழைக்குப் பின் அதைக் கடக்க முடியாது என்றே வைத்துக்கொண்டு மாற்றுவழி வகுக்க வேண்டும். கடந்தே ஆக வேண்டுமென்றால், ஓடை அகன்று பிரிந்து ஓடும் இடத்தையோ, மேலே சென்று அது சிறுத்திருக்கும் இடத்தையோ தேட வேண்டும். முதுகுப் பை நம்மை நீருக்குள் அழுத்தாமல் உடனே கழற்றும்படி இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, கோலை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டுமே நகர்த்த வேண்டும். வேகமான நீர் முழங்காலைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையோடைகள் எவ்வளவு விரைவாக ஏறுகின்றனவோ அவ்வளவு விரைவாக இறங்குகின்றன. காத்திருப்பதே பெரும்பாலான வேளைகளில் சரியான கடப்பு முறை. அதற்கு உணவும் நேரமும் கையில் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வண்டிக்கு முன்பதிவு செய்து, பணம் திரும்பக் கிடைக்காத மலிவுச் சீட்டு இருக்கக் கூடாது.

அந்த இரவில் நான் சரியாகச் செய்த ஒன்று, வீட்டில் செய்தது. உறக்கப் பையையும் ஒரு முழு உடைத் தொகுதியையும் நீர்புகாத பைக்குள் சுருட்டி மூடியிருந்தேன். விரல்கள் கூடாரக் கொக்கியை மாட்ட மறுத்தன, ஒரு கயிற்றைக் கட்ட ஐந்து முறை முயன்றேன், வாய் குழறியது. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையத் தொடங்கும்போது கை தடுமாறுவதும் பேச்சு குழறுவதும் முதல் அடையாளங்கள் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. கூடாரத்தைச் சரிவாகவே நிறுத்தி, உள்ளே போய், நனைந்த துணியை ஒன்றுவிடாமல் களைந்து, உலர்ந்த உடை அணிந்து, பசி இல்லாதபோதும் இரண்டு சாக்லேட் பட்டைகளைத் தின்று, உறக்கப் பைக்குள் சுருண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நடுக்கம் நின்றது. விசில் ஒன்று பையின் பட்டையில் இருந்தது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஊத வேண்டும், கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் தருவார்கள் என்பது தெரியும். சுற்றிலும் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. விடியும்வரை பத்து மணி நேரம் இருந்தது, ஓடையின் இரைச்சல் குறைகிறதா என்று கேட்டபடியே படுத்திருந்தேன்.

காலை எட்டு மணிக்கு அதே ஓடையில் கற்களின் தலைகள் வெளியே தெரிந்தன. கணுக்கால் அளவு நீரில், ஐந்தே அடியில் கடந்தேன். முந்தைய இரவு என்னைக் கொன்றிருக்கக் கூடிய இடம் அது என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். குல்ரா குடிலை அடைந்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக அது மூடப்பட்டிருப்பதாக அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி, இரவுத் தங்கலையே அந்தக் கூரையின் மேல் கட்டியிருந்தேன். மலையில் நடப்பவர்கள் தங்குவதற்கான இத்தகைய குடில்கள் பலவற்றை 1965இல் தொடங்கப்பட்ட மலைக்குடில் சங்கத்தின் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். எது திறந்திருக்கிறது என்பதை அவர்களே அறிவிக்கிறார்கள், அதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. திறந்திருக்கும் குடிலிலும் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே குடில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாரம் கையில் இருக்க வேண்டும்.

அங்கிருந்து லாக் பாட்டக் ஏரி வழியாக இறங்கி, லாக் எரிக்ட் ஏரிக்கரைத் தடத்தில் டால்வின்னிக்கு 15 கிலோமீட்டர். நல்ல வண்டித்தடம்தான், ஆனால் வீங்கிய முழங்காலுடன் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. இந்தத் தடத்தில் மிதிவண்டி ஓட்டலாம் என்பதையும், பலர் டால்வின்னியிலிருந்து மிதிவண்டியில் வந்து, அதை வழியில் விட்டுவிட்டு மலை ஏறி, மாலையில் இறங்குமுகமாகத் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் அப்போதுதான் எதிரே வந்த ஒரு தம்பதியிடமிருந்து தெரிந்துகொண்டேன். முதல்முறை போகிறவர்களுக்கு, வந்த வழியே திரும்பும் இந்தத் திட்டமே பொருத்தமானது என்பது என் எண்ணம். ஒரு நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறும் பயணத்தில், பாதி வழிக்குப் பின் திரும்புவதற்கு ஏற்ற இடமே இல்லாமல் போகிறது.

ஊரை அடைந்தபோது மாலை நான்கே முக்கால், என் வண்டி போய் நெடுநேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் வீடுவரை இணைப்பு கிடைக்கும் வண்டியும் அதன்பின் இல்லை. விடுதியின் தொலைபேசியிலிருந்து மனைவியை அழைத்தபோது அவர் பேசாமல் சில நொடிகள் மூச்சு மட்டும் விட்டார். மதியம் ஒரு மணிக்குப் பேசுவேன் என்று சொல்லியிருந்தேன். நான்கு மணிவரை பொறுத்திருந்து, காவல்துறையை அழைத்திருக்கிறார். எந்த நிலையத்திலிருந்து எந்த வழியாகப் போனார், எங்கே தங்குவதாக இருந்தார், கூடாரத்தின் நிறம் என்ன, எவ்வளவு உணவு வைத்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். பென் ஆல்டர் என்ற பெயரைத் தவிர அவருக்கு எதுவும் தெரியவில்லை, ஏனெனில் நான் எதையும் சொல்லவில்லை. அந்தத் திட்டத் தாள், அடிக்கோடிட்ட ஐம்பது நிமிடத்துடன், என் சட்டைப் பையிலேயே நனைந்து கிடந்தது. ஸ்காட்லாந்தில் மலை மீட்புக் குழுவினர் ஊதியமில்லாத் தொண்டர்கள், மீட்கப்படுகிறவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் நான் தாமதித்திருந்தால், அவர்களில் சிலர் தங்கள் ஞாயிற்றுக்கிழமை இரவை விட்டுவிட்டு, எங்கே தேடுவதென்று தெரியாத ஒரு பெரும் மலைப்பரப்பில் இறங்கியிருப்பார்கள். அதை நினைக்கும்போது முழங்கால் வலியை விட அதிகமாக வலித்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வீணான ரயில் சீட்டு 19 பவுண்டு, மறுநாள் புதிய சீட்டு 38, விடுதி 85, பழைய கைப்பேசி ஒன்றை வாங்க 140, நடைக்கோல்கள் 62. இதில் பாதிப் பணத்தை முன்பே செலவிட்டிருந்தால், திங்கட்கிழமையையும் விடுமுறையாக வைத்து, மாற்றத்தக்க சீட்டு எடுத்து, நிதானமாகப் போய் வந்திருக்கலாம். பிறகு, செயற்கைக்கோள் வழியாக மீட்பு அழைப்பு அனுப்பும் சிறு கருவி ஒன்றையும் வாங்கினேன். அதைக் கடலோரக் காவல் அமைப்பிடம் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். கைப்பேசியிலிருந்து 999 என்ற அவசர உதவி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியையும் முன்கூட்டியே பதிவு செய்துவைத்திருக்கிறேன். பேச்சுக்குப் போதாத பலவீனமான அலையிலும் குறுஞ்செய்தி சில வேளைகளில் போய்விடும். தொலைபேசியில் அழைக்கும்போது முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்பையும் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் நாட்களைத் தேர்ந்து, டால்வின்னியிலிருந்து மிதிவண்டியில் மீண்டும் போனேன். இம்முறை திட்டத்தைக் கடைசி வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன்: எந்த வண்டியில் திரும்புகிறேன், அதற்கு எப்போது குல்ராவை விட வேண்டும், அதற்கு எப்போது உச்சியிலிருந்து இறங்க வேண்டும், எந்த நேரத்தில் எங்கே இல்லையென்றால் திரும்ப வேண்டும், எந்த நேரத்துக்குள் பேசாவிட்டால் யாரை அழைக்க வேண்டும். வழி, மாற்றுவழி, கூடாரத்தின் நிறம் எல்லாம் அதில் இருந்தன. அதன் ஒரு படியைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மனைவி அதை நின்று முழுவதும் படித்துவிட்டு, உணவு எத்தனை நாளைக்கு என்று ஒரு வரியைப் பென்சிலால் தாமே கீழே சேர்த்தார்.